வடிவம்மாள் போட்ட முடிச்சுகள்

வடிவம்மாளுக்குப் பக்கவாதம் வந்தது மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணிக்கு, இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றும்போது. கொப்பரை விழுந்த சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஆட்டோவில் அம்பாசமுத்திரத்துக்கும், அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கும் கொண்டு போனார்கள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை. வலது காலும் வலக்கையும் விழுந்துவிட்டன. வாய் கொஞ்சம் கோணிக்கொண்டது. பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவளுக்கு அப்போது அறுபத்து நாலு வயது. விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு நூல் மில்லில் வைண்டிங் பிரிவில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள். பாபினிலிருந்து நூல் ஓடிக் கோனில் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கே இழை அறுகிறதோ அங்கே போய் முடிச்சுப் போட்டு மறுபடி ஓட விட வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடியும் நடந்தபடியும் செய்கிற வேலை. புருஷன் சைக்கிள் கடை வைத்திருந்தவர். இறந்து பதினோரு வருஷம். அதற்குப் பிறகு இரண்டு அறையும் சமையல்கட்டும் உள்ள தன் வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். ஒரே மகள் தேன்மொழி திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருக்கிறாள்.

நர்ஸ் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, அந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். வடிவம்மாள் வீட்டுக்குச் செவ்வாயும் வெள்ளியும் போவேன். முதல் நாளே தேன்மொழி என்னை வாசலுக்குக் கூட்டிப்போய்க் கேட்டாள்.

"சிஸ்டர், உள்ளதச் சொல்லுங்க. எங்கம்மா இனி தனியா இருக்க முடியுமா?"

"இன்னைக்கு முடியாது."

"எப்ப முடியும்?"

"கால் வந்திரும். கையச் சொல்ல முடியாது."

"என்னால ரெண்டு மாசத்துக்கு மேல லீவு போட முடியாது சிஸ்டர். சித்திரை வரைக்கும் இருப்பேன். அதுக்கப்புறம் ஆனி கடைசி வரைக்கும் பாக்கேன். ஆடியில வீடு மாத்தக் கூடாது. அதனால ஆடி பிறக்கிறதுக்கு முன்னால வேன் வச்சுக் கூட்டிட்டுப் போயிருவேன். இந்த வீட்டப் பூட்டிர வேண்டியதுதான்."

உள்ளே கட்டிலில் கிடந்தவளுக்கு வாய்தான் கோணலே தவிர, காது நன்றாகக் கேட்டது.

"ஏட்டி, மூணாவது மாடியில கொண்டுபோயி வச்சிருவ. நீயும் ஒம்மாப்பிள்ளையும் காலையில எட்டு மணிக்குப் போனா ராத்திரி எட்டு மணிக்கு வருவிய. அதுவரைக்கும் நான் செவரப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

"இங்கன மட்டும் என்ன செய்யப் போற? மறுபடி விழுந்து கெடந்தா யாரு வந்து பாப்பா?"

"அதான் விழுந்தாச்சுல்லா. தெனமுமா விழுவாவ?"

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தேன்மொழி கெட்டவள் இல்லை, பயந்தவள். கடைசியில் என்மேல் பொறுப்பைப் போட்டாள். தனியாக இருக்கலாம் என்று சிஸ்டர் சொன்னால் அம்மாவை விட்டுவிடுகிறேன், இல்லையென்றால் வேன் வரும் என்றாள். நான் ஒத்துக்கொண்டேன். நோயாளி பாவம் என்று பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை என்பதையும் இருவரிடமும் சொல்லிவைத்தேன். அடுப்பு பற்ற வைக்கத் தெரிய வேண்டும், கழிப்பறைக்குப் போய்த் தானே கழுவிக்கொள்ளத் தெரிய வேண்டும், ஜாக்கெட் ஊக்குப் போட வேண்டும், மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்க வேண்டும், போனை எடுத்து அடிக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் இருக்கலாம். இதில் பாதி வலக்கை வேலை.

சித்திரை முடிந்து தேன்மொழி திருப்பூருக்குப் போனாள். அடுத்த வீட்டுப் பார்வதியம்மாள் இரண்டு வேளைச் சோறு கொடுத்து, இரவில் வந்து படுத்துக்கொள்வதாக ஏற்பாடு. வடிவம்மாளுக்குக் கால் முதலில் உயிர் பெற்றது. வைகாசி நடுவில் கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடந்தாள். கை அப்படியே இருந்தது. ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னேன். தட்டில் பாசிப்பயறைக் கொட்டிப் பொறுக்கச் சொன்னேன். நான் இருக்கும்வரை அமுக்குவாள். நான் போனதும் பந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

வெளியே நடக்கவும் மாட்டேன் என்றாள்.

"ஏன்?"

"தெருவுல எறங்குனா எல்லாவளும் 'இப்ப எப்படி இருக்கு'ன்னு கேக்கா. கேக்கது மூஞ்சியப் பாத்து இல்ல சிஸ்டர், வாயப் பாத்து."

இந்த நேரத்தில்தான் ஆற்றோரம் சிற்பக் கண்காட்சி என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். திருநெல்வேலியிலிருந்து ஒரு கலைஞர் குழு. பாபநாசம் போகிற வழியில் தாமிரபரணியை ஒட்டிய நடைபாதையில் ஒன்பது சிற்பங்கள், நாற்பது நாள். 'கலை மனதுக்கு மருந்து' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மருந்து என்றால் எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டுப் பழகியவள் நான். நோட்டீஸின் பின்பக்கம் வெற்றாக இருந்தது. அதில் நோயாளிகளின் ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டேன்.

எனக்குப் பிடித்தது பாதை. மேடு பள்ளம் இல்லை. ஐம்பதடிக்கு ஒரு பெஞ்சு. வடிவம்மாள் வீட்டிலிருந்து நானூறு தப்படிதான். காலை ஆறரை மணிக்கு ஆள் நடமாட்டம் இருக்காது. "யாரும் ஒன் வாயப் பாக்க மாட்டாவ, எந்திரி" என்று கண்காட்சியின் நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, கிளப்பிக்கொண்டு போனேன்.

முதலில் இரும்புத் தகடுகளை ஒட்ட வைத்த ஒரு மீன். அதை அவள் கண்டுகொள்ளவில்லை. அடுத்து, மண்ணில் பாதி புதைந்தது போல ஒரு பெரிய சுட்ட மண் முகம், ஆள் உயரத்துக்கு. அதன் முன்னால் நின்றாள்.

"சிஸ்டர், இவருக்கும் வாய் கோணலாத்தான் இருக்கு."

"ஆமா."

"எந்த ஆஸ்பத்திரியில காட்டுனாவளோ, சரியாக்காம உட்டுட்டாவ" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாசிக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இன்னும் கொஞ்சம் தள்ளி, இரண்டு மருத மரங்களுக்கு நடுவில் நீளமாக ஒரு இரும்புச் சட்டம். அதன் மேல் கம்பியிலிருந்து நானூறு வெள்ளை நூல்கள் தொங்கின. ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஆற்றுக் கூழாங்கல் ஒன்று, முழங்கால் உயரத்தில். காற்றடித்தால் எல்லாக் கற்களும் ஒன்றாக அசைந்தன. பக்கத்தில் பலகை: 'காலத்தின் கையில் ஒப்படைக்கப்பட்ட மௌனங்கள்.' அதன் கீழே 'தொடாதீர்கள்.' முதல் வரியை நான் இரண்டு தடவை படித்தேன். புரியவில்லை. வடிவம்மாள் பலகையைப் பார்க்கவே இல்லை. மூன்று நூல்கள் அறுந்து, கற்கள் தரையில் கிடந்தன. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு ஆளு போடலியா?"

"எதுக்கு ஆளு?"

"அறுந்து கெடக்குல்லா."

"அது அவிய பாடு. நீ நடந்து பாரு" என்று நகர்த்தினேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்கடுத்த வாரங்களில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை போனால் வலக்கையால் டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். வெள்ளிக்கிழமை போனால் மாத்திரையைப் பிதுக்கி எடுத்தாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டன. இந்தக் கையை நான் பாதி கைவிட்டிருந்தேன். ரப்பர் பந்துக்குத்தான் அந்தப் பெருமையைக் கொடுத்தேன். பிசியோதெரபி டாக்டரிடம் சொன்னேன். கோட்டைவிளைப்பட்டியில் இன்னொரு நோயாளிக்கும் பந்து வாங்கிக் கொடுத்து, "வடிவம்மாளப் பாரும், இத அமுக்கியே எப்படி வந்துட்டா" என்று புத்திமதியும் சொன்னேன். வடிவம்மாள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பந்து கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

கண்காட்சி தொடங்கி இருபத்து மூன்றாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, எனக்குப் போன் வந்தது. பேசியது இசக்கியப்பன், கண்காட்சிக்குப் பகல் காவலுக்கு அமர்த்தியிருந்த உள்ளூர் ஆள்.

"சிஸ்டர், ஒங்க ஆளு இங்கன சண்ட போட்டுக்கிட்டு இருக்காவ. வெரசா வாங்க."

"எந்த ஆளு?"

"வடிவக்காதான்."

அவள் தனியாக ஆற்றோரம் போவாள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. ஆட்டோ பிடித்துப் போனேன். நூல் சட்டத்துக்கு முன்னால் பெஞ்சில் கம்பை மடியில் வைத்துக்கொண்டு வடிவம்மாள் உட்கார்ந்திருந்தாள். எதிரே முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், சட்டையெல்லாம் துருவும் சிமெண்டுமாக நின்றிருந்தாள். பெயர் சித்ரலேகா, திருநெல்வேலி டவுன். நூல் சிற்பத்தைச் செய்தவள் அவள்தான். இருவருக்கும் நடுவில் இசக்கியப்பன் கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"யாரக் கேட்டு நீங்க இதத் தொட்டீங்க?" என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரக் கேக்கணும்? அறுந்து கெடக்கு. பாத்துக்கிட்டே போவச் சொல்லுதியா?"

"அம்மா, அறுறதுக்குத்தான் வச்சிருக்கு!"

வடிவம்மாள் என் பக்கம் திரும்பினாள். "சிஸ்டர், இந்தப் பிள்ளை என்ன சொல்லுதுன்னு கேளுங்க. நூல அறுறதுக்குன்னே யாராவது கட்டுவாவளா?"

சித்ரலேகா எனக்கு விளக்கினாள். சாரல் காற்றும் மழையும் குரங்குகளும் நாள்தோறும் கொஞ்சம் நூலை அறுக்க வேண்டும். கற்கள் ஒவ்வொன்றாக விழ வேண்டும். நாற்பதாவது நாள் வெறும் சட்டமும் கீழே ஒரு கல் குவியலும் மிஞ்ச வேண்டும். அதுதான் சிற்பம். அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்து இறந்துபோனவர். அதை நினைத்துச் செய்தது. இசக்கியப்பன் தினமும் மாலையில் போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு.

"தினமும் போட்டோ பாக்கேன். ஒரு கல்லுகூட விழல. நூல கெட்டியா வாங்கிட்டேன் போலிருக்குன்னு தூக்கமில்லாமக் கெடந்தேன். பக்கத்துல போயி எடுத்து அனுப்புங்கன்னு இவருக்கிட்டச் சொன்னேன். அதுலயும் ஒண்ணும் புரியல. இன்னைக்கு நேர்ல வந்து பாத்தா, இவங்க உக்காந்து முடிச்சுப் போட்டுக்கிட்டு இருக்காங்க!"

"நீ ஏன்வே சொல்லல?" என்று இசக்கியப்பனைக் கேட்டேன்.

"சிஸ்டர், இவங்க மொத நாளே வந்து கம்ப ஓரமா சாத்திவச்சிட்டு, நேரே போயி வேலைய ஆரம்பிச்சிட்டாங்க. மில்லுல இருந்து போட்டிருக்கிற ஆளுன்னுல்லா நான் நெனச்சேன்."

"நான் வேலைய விட்டு ஆறு வருஷமாச்சுலே" என்றாள் வடிவம்மாள்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? ஒங்க கை அப்படிப் போச்சு."

"எங்க போச்சு? மொத நாள் ஒரு முடிச்சுக்கு அரை மணி நேரம் ஆச்சு. பாத்துக்கிட்டுத்தான இருந்த!"

சித்ரலேகா இதையெல்லாம் கேட்கவில்லை. குரல் உடைந்து, "என் வேலையக் கெடுத்துட்டீங்க" என்றாள். அவ்வளவுதான். வடிவம்மாளின் முகம் மாறியது. கம்பை ஊன்றி எழுந்தாள். "தப்புத்தான் தாயி. தெரியாமச் செஞ்சிட்டேன். இனிமே இந்தப் பக்கம் வரல" என்று சொல்லிவிட்டு நடந்தாள். துணைக்குப் போன என்னைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

சித்ரலேகா என்னைச் சட்டத்துக்குப் பக்கத்தில் இழுத்துப்போய், "பாருங்க, எத்தன முடிச்சு!" என்றாள்.

பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு நூலில் முடிச்சு கொண்டைக்கடலை அளவுக்கு இருந்தது. இரண்டு பக்கமும் நூல் வால் போல் நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் பட்டாணி அளவு. சிலவற்றில் முடிச்சைத் தேட வேண்டியிருந்தது. விரலால் தடவினால்தான் கடுகு போல நெருடியது.

"போட்டோ எல்லாம் போன்ல இருக்காம்மா?"

"இருக்கு."

"தேதியோட இருக்கா?"

"ஆமா. ஏன்?"

காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். ஏழாவது நாளிலிருந்து கிட்டத்தில் எடுத்தவை. ஏழாம் நாள் கடலை. பன்னிரண்டாம் நாள் பட்டாணி. பதினெட்டில் மிளகு. இருபத்திரண்டில் ஒன்றும் தெரியவில்லை. நாலு மாதமாக நோட்டில் 'விரல் பிடிமானம் சுமார்', 'பரவாயில்லை' என்று நான் கிறுக்கி வைத்ததை விட இது நல்ல கணக்கு. பந்து வேலை செய்யவில்லை என்பதும் அங்கேதான் எனக்குப் புரிந்தது. அறுந்த கல்லைக் குனிந்து எடுக்க வேண்டும். இடக்கையில் பிடித்துக்கொண்டு வலக்கையால் இழையைச் சுற்ற வேண்டும். இந்தப் பயிற்சியை நான் எழுதிக் கொடுத்திருந்தால் அவள் இரண்டு நாள் செய்திருப்பாள்.

சித்ரலேகாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பக்கவாதம், கை, திருப்பூர், ஆடிக்கு முன் வரப்போகிற வேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்க கை அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

"உங்க கண்காட்சி தொடங்குன அன்னைக்கு டம்ளர் பிடிக்க வராது."

"அப்ப நான் இப்ப என்ன செய்யணும்?"

"அது உங்க வேலை, நான் சொல்ல முடியாது. என் வேலைக்கு ஒரு நாளைக்குப் பதினஞ்சு நூல் அறுந்தாப் போதும். இந்தப் படங்கள மட்டும் எனக்கு அனுப்பிருங்க."

செவ்வாய்க்கிழமை நான் போனபோது வடிவம்மாள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கை இறுகியிருந்தது. சாப்பாடு தட்டில் காய்ந்து கிடந்தது. மில்லில் ஒருத்தி மிஷினில் இன்னொருத்தி கை வைக்கக் கூடாது; கேட்காமல் கை வைத்தால் அந்த வருஷம் முழுக்க பேச மாட்டார்கள். "அடுத்தவ வேலையில கைய வச்சிட்டேன் சிஸ்டர். அதுவும் அப்பனப் பறிகொடுத்த பிள்ளை" என்றாள். நான் சமாதானம் சொல்லவில்லை. கையை வெந்நீரில் முக்கி நீவிவிட்டு, "இன்னும் பத்தொம்பது நாள்ல வேன் வரும், ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் கவலையாகத்தான் இருந்தது. இந்த மாதிரிப் படுத்தவர்கள் மறுபடி எழுந்திருக்காததைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நான் அங்கே இருக்கும்போதே சித்ரலேகா வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்று, "அம்மா, உள்ள வரலாமா?" என்றாள்.

"வா. அங்கன நாற்காலி கெடக்கு, இழுத்துப் போடு."

உட்கார்ந்தாள். பிறகு, "அஞ்சு நாளாச்சு. நாப்பது கல்லு விழுந்திருக்கு" என்றாள்.

"நல்லது. ஒனக்கு அதான வேணும்."

"போயிப் போயி அதத்தான் பாக்கேன். ஆனா ஒங்க முடிச்சு இருக்கிற இடம் ஒண்ணும் அறல. வேற எடத்துலதான் அறுது."

"முடிச்சு அறுமா? அறுந்தா அது முடிச்சா?"

சித்ரலேகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, நான் ஒண்ணு கேக்கேன். எடது பாதிய விட்டிருங்க. அது எங்கப்பாவுக்கு. வலது பாதிய நீங்க பாத்துக்கிடுங்க."

வடிவம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். "எம்மேல பாவப்பட்டுச் சொல்லுதியா, இல்ல ஒனக்கே சம்மதமா?"

"பாதி பாதி."

இந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், அந்தச் சீலைய எடுங்க" என்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "எனக்கு ஒரு ஸ்டூல் வேணும். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போவுது. அந்த இசக்கிப் பயலக் குரங்குக்குப் பழம் போடாம இருக்கச் சொல்லு. அவனாலதான் பாதி நூல் அறுது."

மறுநாள் பலகையை மாற்றினார்கள். மௌனங்கள் போய், 'வலது பக்க நூல்களை வடிவம்மாள் கட்டுகிறார். இடது பக்க நூல்கள் அறுந்து விழும்' என்று வந்தது. அதற்குப் பிறகுதான் ஊர் சனம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. வடிவம்மாளோடு வேலை பார்த்த நாலைந்து பெண்கள் வந்தார்கள். "இது என்னட்டி முடிச்சு, பூரான் மாதிரி?" என்று ஒருத்தி அவளுடைய முதல் வாரத்து முடிச்சைப் பிடித்து இழுத்தாள். "ஒனக்கு ஒரு பக்கம் விழுந்து பாரு, அப்ப நீ போடுத முடிச்சு தெரியும்" என்றாள் இவள். மாலையில் சமையலை முடித்துவிட்டு வருகிற பெண்கள் கூட்டம் ஐந்து, பத்து, இருபது என்று ஆனது. இன்றைக்கு இடது பக்கம் எத்தனை விழுந்தது என்று பார்ப்பதற்கென்றே நடந்து வந்தார்கள். என்னுடைய நோயாளிகளில் நடக்க மறுத்த மூன்று பேரை நானும் அந்தப் பாதைக்கு மாற்றிவிட்டேன். இரண்டு பேருக்கு ரத்த அழுத்தம் இறங்கியது. இறங்கியது சிற்பத்தாலா நடையாலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நடக்க வந்தது சிற்பத்துக்காக, அது தெரியும்.

இடது பக்கத்தை விட்டுவைப்பது வடிவம்மாளுக்குச் சுலபமாக இல்லை. முதல் இரண்டு நாள் கை அந்தப் பக்கம் போய்ப் போய்த் திரும்பியது. பிறகு, "அது வேற ஆளு மிஷினு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள். கண்காட்சி முடிந்த அன்று இடது பக்கம் பாதிக்கு மேல் வெறுமையாகிக் கீழே கற்கள் குவிந்து கிடந்தன. வலது பக்கம் முழுசாகத் தொங்கியது; ஒவ்வொரு முடிச்சும் கொஞ்சம் நூலைத் தின்றுவிட்டதால் கற்கள் ஒரே மட்டத்தில் இல்லாமல் ஏறியும் இறங்கியும் இருந்தன. சித்ரலேகா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இது தான் செய்ய நினைத்தது இல்லை, ஆனால் இதை மாற்றவும் தோன்றவில்லை என்று என்னிடம் சொன்னாள்.

ஆனி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை தேன்மொழி வந்தாள். கயிறும் சாக்கும் கொண்டு வந்திருந்தாள். மறுநாள் மதியம் வேனுக்குச் சொல்லியாகிவிட்டது. நான் போனில் இருந்த முடிச்சுப் படங்களைத் தேதி வரிசையில் காட்டினேன். முழுவதும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். ஆனா எங்கம்மா நூலக் கட்டியா சோறு திங்கப் போறா?"

கேள்வி சரிதான். "அதுக்குத்தான் நாளைக்கு ஒரு நாள் பாக்கப் போறோம். காலையில ஆறு மணியிலருந்து நீயும் நானும் சமையல்கட்டு முன்னால கெடக்க இந்தப் பெஞ்சுல உக்காருவோம். அவ என்ன செஞ்சாலும் நீ எந்திரிக்கக் கூடாது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தோம். வடிவம்மாள் பல் தேய்த்தாள். கொல்லைக்குப் போய் வந்தாள். அடுப்பை லைட்டரால் பற்ற வைத்தாள். மூன்றாவது தடவைதான் பற்றியது. பால் பொங்கி வழிந்தது. தேன்மொழி எழுந்தாள். நான் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"எம்மா, பாலு!"

"ஒனக்குக் கண்ணு இருக்கு, எனக்கும் இருக்கு. ஒம்வீட்டுல பால் பொங்குனதே இல்லியா?" என்று துணியை எடுத்துத் துடைத்தாள்.

உப்புமா கிண்டினாள். கொஞ்சம் உப்புக் கரித்தது. அது பக்கவாதத்தால் இல்லை, அவளுடைய பழக்கம். குளிக்கும்போது நிறை வாளியைத் தூக்க வரவில்லை. கொஞ்ச நேரம் வாளியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாதித் தண்ணீரைக் கொட்டி, காலால் தள்ளிக்கொண்டே போனாள். ஜாக்கெட்டில் நாலு ஊக்கும் போட்டாள். கடைசி ஊக்குக்கு நேரம் பிடித்தது. தேன்மொழி மூச்சை அடக்கிக்கொண்டு அதைப் பார்த்தாள். பதினொரு மணிக்கு வடிவம்மாள் மாத்திரை போட்டுக்கொண்டு, வெளியே வந்து, எங்கள் எதிரில் உட்கார்ந்தாள். வேர்த்திருந்தது.

"இன்னும் என்ன செஞ்சு காட்டணும்? சொல்லுங்க ரெண்டு பேரும்."

தேன்மொழி என்னைப் பார்த்தாள். நான் உள்ளதைச் சொன்னேன். எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரிக்கக் கூடாது. ஸ்டூல் மேல் ஏறிப் பரணைத் தொடக் கூடாது. ஆற்றுக்குக் குளிக்கப் போவதென்றால் ஆள் துணை வேண்டும். குளியலறையிலும் கழிப்பறையிலும் சுவரில் கம்பி அடிக்க வேண்டும். அது இந்த வாரத்திலேயே நடக்க வேண்டும். சாவி ஒன்று பார்வதியம்மாளிடம் இருக்க வேண்டும். காலையும் மாலையும் போன் பேச வேண்டும். இதற்கெல்லாம் சம்மதம் என்றால், தனியாக இருக்கலாம்.

"நெசமாவா சிஸ்டர்?"

"பொய் சொல்ல மாட்டேன்னு மொதல்லயே சொல்லியிருக்கேன்."

தேன்மொழி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடிக்கட்டும் என்று விட்டேன். பிறகு சொன்னாள்: "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அங்கன கொண்டுபோயி உள்ள வச்சு, வெளிய பூட்டுப் போட்டுட்டுல்லா வேலைக்குப் போகணும்? ரெண்டு மாசமா அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். யாருகிட்டயும் சொல்லல."

வடிவம்மாள் மகளையே பார்த்தாள். "அத மொதல்லயே சொல்லித் தொலைய வேண்டியதுதான்ட்டி. நீ ஆசப்பட்டுக் கூப்பிடுதன்னுல்லா நான் ஒவ்வொரு நாளும் சண்ட போட்டேன்."

தேன்மொழி வேன்காரனுக்குப் போன் போட்டாள். அவன் ஆழ்வார்குறிச்சி வரைக்கும் வந்துவிட்டேன் என்று கத்தியது எனக்கே கேட்டது. "சரி அண்ணாச்சி, கோவிக்காதிய, வந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். உண்மையாகவே வந்தான். உப்புமா சாப்பிட்டான். உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் சாயங்காலம் தேன்மொழியைத் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தோம். அந்த வாரத்திலேயே கொத்தனார் வந்து கம்பி அடித்துவிட்டுப் போனார். வடிவம்மாளை மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்று நோட்டில் குறித்தேன். காலியான செவ்வாய்க்கிழமையில் சிவந்திபுரத்தில் குற்றாலலிங்கம் என்பவரின் பெயரை எழுதினேன். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார். முதல் தடவை போய்ப் பார்த்தேன். கட்டில் அவ்வளவு உயரம், இறங்கினால் கால் தரையில் எட்டவில்லை. தச்சரைக் கூப்பிட்டுக் கட்டில் கால்களை அறுக்கச் சொல்லியிருக்கிறேன்.